தணிகைவேல் பார்க்காத அடி

பாகூரில் தணிகைவேலுக்குத் தெரியாத விஷயம் எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லிக்கொள்பவரும் அவர்தான். கரும்புக்கு எப்போது உரம் வைப்பது, ஏரி மதகை எப்போது திறப்பார்கள், கடலூர் பஸ் ஏன் தாமதம், எல்லாவற்றுக்கும் கைவசம் பதில் வைத்திருப்பார். மகள் கயல்மதி ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்து சாஃப்ட்பால் டீமில் சேர்ந்துவிட்டு வந்து நின்றாள். அந்த ஆட்டத்தின் பெயரையே அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டார். கேட்ட மாத்திரத்தில், "ஓ, அதுவா? நம்ப கிரிக்கெட்டுதான். பந்துதான் கொஞ்சம் பெருசு" என்று நிபுணர் ஆகிவிட்டார்.

கிரிக்கெட் விஷயத்தில் அவர் விட்டது முழுப் புருடா இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் டென்னிஸ் பந்து டோர்னமெண்ட் எங்கே நடந்தாலும் மடுகரை, திருக்கனூர் என்று சைக்கிளில் போய் ஆடிவிட்டு வருவார். வீட்டு அலமாரியில் இரண்டு கோப்பைகள் இன்னமும் இருக்கின்றன. ஒன்றில் மனைவி மஞ்சுளா சேஃப்டி பின் போட்டு வைத்திருக்கிறாள்.

இப்போது கயல்மதி ப்ளஸ் ஒன். புரட்டாசியில் புதுச்சேரி ஜூனியர் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஓட்டம், எறிதல், பிடித்தல் எல்லாவற்றிலும் அவளை மிஞ்ச அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை. பேட்டிங்கில்தான் இடித்தது. விளையாட்டு ஆசிரியை ஜெயசித்ரா தணிகைவேலை மைதானத்துக்கே வரவழைத்துச் சொன்னார்.

"சார், இவ கையால மட்டும் வீசுறா. ஈ ஓட்டுற மாதிரி இருக்குது. பலம் கையில இல்ல சார், இடுப்புல இருக்குது. பின்னங்கால் திரும்பணும், அதோட இடுப்பு திரும்பணும், அதுக்கப்பறம்தான் கை வரணும். இங்க ஒரு மணி நேரந்தான் கிடைக்குது. வூட்லயும் நீங்க கொஞ்சம் பந்து போட்டுக் குடுத்தீங்கன்னா இவ கண்டிப்பா செலெக்ட் ஆயிடுவா."

கயல்மதி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த டீம் வேண்டும். முதுகில் புதுச்சேரி என்று எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு வெளியூர் போய் ஆட வேண்டும். பிறகு ஜெயசித்ரா மிஸ் போல விளையாட்டுப் படிப்பு படிக்க வேண்டும். அம்மாவிடம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறாள். அப்பாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அதை அவர் டீக்கடையில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார்.

ஆடி மாதம். வீட்டு முன்னால் இருந்த சிமெண்டுக் களத்தில் நெல் எதுவும் காயவில்லை. தணிகைவேல் இரண்டு மூங்கில் நட்டு, நடுவில் பழைய மீன்வலையைக் கட்டினார். வாளி நிறையப் பந்துகளை வைத்துக்கொண்டு பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார். அவள் வலையைப் பார்த்து அடிப்பாள். முதல் சில நாட்கள் பின்னங்கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. அவர் பொறுமையாகத்தான் இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். "திருப்பும்மா, திருப்பு, செருப்பால சிகரெட்ட நசுக்குற மாதிரி கால திருப்பு" என்பார். ஒரு சாயங்காலம் அது வந்துவிட்டது. கால் திரும்பியது, இடுப்பு திரும்பியது, பின்னாலேயே கை வந்தது. அலுமினிய பேட் டங் என்றது. பந்து இற்றுப்போன வலையைப் பிய்த்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி எதிர் டீக்கடைத் தகரத்தில் போய் விழுந்தது. தணிகைவேல் முக்காலியை விட்டு எழுந்து விசிலடித்தார்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். டீக்கடைக்கு வந்தவர்கள் கிளாஸை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். தணிகைவேலுக்குப் பெருமை தாங்கவில்லை. முக்காலியைக் கொஞ்சம் ரோட்டுப் பக்கமாகவே நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

அந்தக் கடை பெஞ்சில் சிங்காரவேலு உட்கார்ந்திருப்பார். தணிகைவேலின் பெரியப்பா மகன். ஊரில் எது நடந்தாலும் பெஞ்சில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டவர். ஒரு நாள் கயல்மதி அடித்துக்கொண்டிருக்கும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தமாகக் கேட்டார்.

"இன்னாடா தணிகை, பொண்ணுக்கு பேட்டு புடிக்கக் கத்துக்குடுக்கிறியா, இல்ல ஆடித் திருவிழாவுக்கு ரெக்கார்டு டான்ஸ் ஆட ரெடி பண்றியா? இடுப்பு இந்த வெட்டு வெட்டுது!"

பெஞ்சே சிரித்தது. ஒருத்தருக்குப் புரை ஏறிவிட்டது. தணிகைவேலும் சிரித்தார்.

அவருக்கு அது வேடிக்கையாக இல்லை. ஆனால் கோபப்பட்டால் அந்தப் பேச்சு பெரிதாகிவிடும், ஊர் முழுக்கப் போய்விடும் என்று தோன்றியது. அதனால் பல்லைக் காட்டிச் சிரித்தார். கயல்மதி டீக்கடையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து பந்துகளைப் பொறுக்கி வாளியில் போட்டாள். "இன்னும் வெளிச்சம் இருக்குதேம்மா" என்றார் அவர். "கை வலிக்குதுப்பா" என்று உள்ளே போய்விட்டாள்.

அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதுவரை அவர் கண்ணில் பட்டது மகளுடைய கால், பேட், பந்து இவ்வளவுதான். இப்போது கண்ணை மூடினால் பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்ததுதான் தெரிந்தது. பதினாறு வயசுப் பெண்ணை நடுரோட்டில் நிறுத்தி ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோமே என்று கூசிப்போனார். சிங்காரவேலுவின் சட்டையைப் பிடித்திருக்க வேண்டிய மனுஷன், மகளைத் திருத்துவது என்று முடிவு செய்தார். நம் ஊரில் இது ஒன்றும் புதிதில்லை. பேசுகிறவன் வாயை மூட முடியாதவர்கள் பெண் பிள்ளையின் கையையும் காலையும்தான் கட்டுவார்கள்.

மறுநாள் களத்தில் சொன்னார். "மதி, இந்த இடுப்பு ஆட்றதெல்லாம் வேணாம். ஒடம்ப ஸ்டெடியா வெச்சிக்க. கைய மட்டும் ஸ்ட்ரெயிட்டா கொண்டுவா."

"மிஸ் திருப்பச் சொன்னாங்களேப்பா? நீயும்தான சொன்ன?"

"மிஸ்ஸுக்கு இன்னா தெரியும்? நான் எத்தினி டோர்னமெண்ட் ஆடியிருக்கேன். இடுப்பு ஆடுனா பேட்டு கோணிக்கும். இது டெக்னிக்கு."

கயல்மதி டீக்கடையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். இன்னும் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்டிருந்தால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பாரோ என்னவோ. அவள் கேட்கவில்லை. "சரிப்பா" என்றாள்.

அதற்குப் பிறகு டீக்கடைத் தகரத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. பந்து வலைக்கே கஷ்டப்பட்டுப் போனது. வேடிக்கை பார்க்கவும் ஆள் குறைந்தது. தணிகைவேலுக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு. மஞ்சுளா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாங்க, நல்லாத்தான அடிச்சிக்கிட்டிருந்தா? இன்னாத்த சொல்லிக்குடுத்தீங்க?" என்று கேட்டாள். "ஒனக்குப் புரியாது, போ" என்று வாயை அடைத்தார். ஜெயசித்ரா மிஸ் போன் செய்து, ஒரு நாள் நன்றாக அடிக்கிறாள், ஒரு நாள் இடுப்பில் பூட்டுப் போட்டது போல நிற்கிறாள், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம், வயசுப் புள்ளைங்க, படிப்பு டென்ஷன்" என்றார் தணிகைவேல்.

ஒரு நாள் ஏரிக்கரைப் பக்கம் தண்ணீர் பார்த்துவிட்டு வண்டியில் வரும்போது பள்ளிக்கூடச் சுவருக்கு அப்பால் அந்தச் சத்தம் கேட்டது. டங். வண்டியை நிறுத்தி, சுவர் இடிந்திருந்த இடத்தில் எட்டிப் பார்த்தார். கயல்மதிதான். அடுத்த பந்து வந்தது. கால் திரும்பியது, இடுப்பு திரும்பியது, கை சுழன்று வந்தது. பந்து அவர் தலைக்கு மேலே பறந்து போய் பின்னாலிருந்த நெல் வயலில் விழுந்தது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. விசிலடிக்க விரலை வாய்க்குக் கொண்டுபோனார். ரெக்கார்டு டான்ஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவ்வளவு அழகான ஒன்றை அவர் தன் வாழ்நாளில் ஆடியதும் இல்லை, பார்த்ததும் இல்லை.

பந்தை எடுக்க ஓடிவந்த ஃபைஜா அவரைப் பார்த்துவிட்டாள். கயல்மதியோடு கூடவே ஆடுகிற பெண். "ஏய் கயலு, ஒங்கப்பாடி!" என்று கத்தினாள். கயல்மதி திரும்பினாள். பேட்டைத் தாழ்த்தி, டீ ஷர்ட்டைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அடுத்த பந்துக்கு உடம்பு மரமாக நின்றது. அதற்கடுத்த பந்துக்கும் அப்படியே.

"கயலு, இப்பதான அடிச்ச! இன்னாடி ஆச்சி ஒனக்கு?" என்று மிஸ் கத்துவது சுவர் வரைக்கும் கேட்டது.

அவளுக்கு வராமல் இல்லை, தன் எதிரில்தான் வரவில்லை என்று தணிகைவேலுக்கு அப்போது உறைத்தது. "சும்மா இந்தப் பக்கம் வந்தேம்மா" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். வழியெல்லாம் முகம் எரிந்தது.

மறுநாள் வலையைக் கழற்றிக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைக்கும் வாழைக்கும் நடுவில் கட்டினார். அங்கே ரோடு தெரியாது, டீக்கடை தெரியாது.

"மதி, மிஸ் சொல்ற மாதிரியே அடி. நல்லா திருப்பு. நான் விசாரிச்சேன், இப்பல்லாம் டெக்னிக் மாறிப்போச்சாம்."

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்திலும் இப்படி ஒரு புளுகு. கயல்மதி தலையாட்டினாள். மனதார முயற்சி செய்தாள். முட்டி மடங்கியது, கால்கூடக் கொஞ்சம் திரும்பியது, அதற்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் கை மட்டும் வீசிப் பந்து சப்பென்று விழுந்தது. வாளி காலியாகும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வரலப்பா."

"இங்கதான் யாரும் இல்லியேம்மா. எதுக்கு பயப்படுற?"

அவள் பேட்டின் நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டே நின்றாள்.

தேர்வு நாளன்று புதுச்சேரிக்கு ஜெயசித்ரா மிஸ்ஸோடு பஸ்ஸில் போனார்கள். ஃபைஜாவின் அம்மா பாத்திமுத்துவும் வந்திருந்தார். பாகூர் பஜாரில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருப்பவர். வழி நெடுக எல்லாப் பெண்களுக்கும் முறுக்கு கொடுத்துக்கொண்டே வந்தார். நான் வரவில்லை என்று சொல்ல தணிகைவேல் காலையில் நினைத்தார். ஆனால் பெற்றவர் ஒருவர் கூட வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், மஞ்சுளாவுக்குக் காய்ச்சல். தவிர, அவருக்கு ஆசையும் இருந்தது. இன்றைக்காவது தன் கண் முன்னால் அடித்துவிடுவாள் என்று ஒரு நப்பாசை.

காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று என்றார்கள். காரைக்காலில் இருந்தெல்லாம் பெண்கள் வந்திருந்தார்கள். பந்து போட்ட பெண் கையை ஒரு முழுச் சுற்று சுற்றி இடுப்புக்குக் கீழிருந்து சரேலென்று விட்டாள். கயல்மதி பேட்டைத் தூக்கி நின்றாள். கேலரியில் பெற்றோர்களோடு தணிகைவேல் இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் பந்து தவறியது. இரண்டாவது பேட்டில் பட்டுக் காலடியிலேயே விழுந்தது. அதற்கப்புறம் வந்தவை எல்லாம் தவறின. தேர்வு செய்ய வந்தவர்களில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்ல, அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"பாவம், பயந்துக்கிச்சி" என்றார் பாத்திமுத்து.

கயல்மதி தடுப்புக் கம்பி ஓரமாகப் போய்த் தண்ணீர் குடித்தாள். பிறகு கேலரியைப் பார்த்தாள். அப்பா எங்கே இருக்கிறார் என்று தெரிந்ததும் சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டாள். பாம்பு இருக்கிற வரப்பில் கால் வைக்கும் முன் அப்படித்தான் பார்ப்போம். தணிகைவேலுக்குப் புரிந்துவிட்டது. பெற்ற மகள் தன்னைப் பார்த்து ஒடுங்குகிறாள். அதற்குச் சிங்காரவேலு காரணமில்லை. தான்தான்.

மதியச் சுற்று ஆரம்பிக்கும்போது எழுந்தார். பேசாமல் நழுவிவிடலாம்தான். ஆனால் தான் போய்விட்டது அவளுக்குத் தெரிய வேண்டும். கேலரியை விட்டு இறங்கி, எல்லோரும் பார்க்க மைதானத்தைச் சுற்றி நடந்து, கம்பி ஓரத்துக்குப் போனார்.

"மதி, எனக்குத் தல வலிக்குது. வெளிய போயி ஒரு டீ குடிச்சிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் கொஞ்சம் வேல இருக்குது, அத முடிச்சிட்டு வரேன்."

"எப்ப வருவ?"

"எல்லாம் முடிஞ்சப்பறம். நீ ஆடு."

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். தலைவலியும் வேலையும் சாக்குதான் என்று தெரிந்துகொண்டாளோ என்னவோ, "சரிப்பா" என்றாள். அவர் கேட்டைத் தாண்டும் வரைக்கும் முதுகில் அவள் பார்வை இருந்தது போலவே அவருக்குத் தோன்றியது.

டீ குடிக்கவில்லை. மைதானச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். கேட் இடுக்கில் பார்த்தால் நன்றாகத் தெரியும். பார்க்கவில்லை. ஆட்டோக்கள் போயின. ஒரு கரும்புச்சாறு வண்டி மணியடித்துக்கொண்டு போனது. திடீரென்று டங். உள்ளே பெண்கள் ஓவென்று கத்தினார்கள். தணிகைவேல் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு டங், அதைவிடக் கெட்டியாக.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார். "இன்னா சார் வெளிய நிக்கிறீங்க? உள்ள போயி பாருங்க. ஒரு பொண்ணு பொளந்து கட்டுது."

"வேணாம்பா."

"எந்த ஊருப் பொண்ணோ தெரியல."

"பாகூரு" என்றார் தணிகைவேல்.

சாயங்காலம் பெயர் வாசித்தார்கள். கயல்மதி வெளியே ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குதித்தாள். "செலெக்ட் ஆயிட்டேன்பா! நானும் ஃபைஜாவும்!" அவர் அவள் தலையைத் தடவினார். ஜெயசித்ரா மிஸ், "காலையில பயமுறுத்திட்டா சார், மதியம் இன்னா ஆச்சின்னே தெரியல" என்று சிரித்தார். தெரிந்தவர் ஒருவர்தான்.

திரும்பும் பஸ்ஸில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். வில்லியனூர் ரோடு பிரிந்து, நெரிசல் குறைந்து, வண்டி வேகம் எடுத்த பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்கி சிங்காரவேலு பெரியப்பா அப்படிச் சொன்னப்ப, நான் சிரிச்சிருக்கக் கூடாது மதி. டெக்னிக்குன்னு சொன்னதெல்லாம் பொய்யி. எனக்கு வெக்கமா இருந்துச்சி. அதான்."

அவள் மடியில் இருந்த பேட்டிங் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பெரியப்பா எல்லாரையும்தான் அப்படி சொல்லுவாரு. அத நான் அன்னிக்கே வுட்டுட்டேன். நான் ஒன்னதான் பாத்தேன். நீ அவர ஏதாவது கேப்பேன்னு நெனச்சேன். நீ இருக்கிறப்ப இடுப்ப திருப்பப் போனா, நீ சிரிச்சது ஞாபகம் வந்துடுதுப்பா. நான் வேணும்னு பண்ணல."

"தெரியும்மா. இனிமே ஜென்மத்துக்கும் சிரிக்க மாட்டேன்."

"தெரியும்பா" என்றாள் அவளும்.

முன் சீட்டிலிருந்து பாத்திமுத்து போனோடு திரும்பினார். "அண்ணா, நல்ல நேரத்துல எங்கியோ போய்ட்டீங்களே! ஒங்க பொண்ணு கடசியா அடிச்சத அப்படியே வீடியோ எடுத்து வெச்சிருக்கேன். இந்தாங்க, பாருங்க."

தணிகைவேல் போனை வாங்கினார். படத்தில் கயல்மதி சின்னதாக, பேட்டைத் தோளுக்கு மேல் தூக்கி நின்றாள். கட்டைவிரலைக் கொண்டுபோனார். கயல்மதியின் உள்ளங்கை வந்து திரையை மூடியது. கோபமாக இல்லை. சுடுகிற பாத்திரத்தைத் தொடப்போகும் குழந்தையைத் தடுப்பது போல மெதுவாகத்தான் மூடினாள்.

"வேணாம்பா."

"இப்ப வேணாமா?"

அவள் யோசித்தாள். அவரைப் போல வாய்க்கு வந்ததைச் சொல்லுகிற பெண் இல்லை அவள். "எப்பன்னு தெரியலப்பா" என்றாள்.

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏண்ணா? பாக்கலியா?" என்றார் பாத்திமுத்து.

கண் தெரியவில்லை, பஸ் குலுங்குகிறது, வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று மூன்று பொய்கள் தயாராக வந்து நாக்கில் நின்றன. மிஸ்ஸும் பெண்களும் திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் பாத்தா அவளுக்குக் கூச்சமா இருக்கும்மா" என்றார் எல்லோர் காதிலும் விழும்படி. "அப்படிப் பண்ணி வெச்சது நான்தான். நீங்க பாருங்க."

மிஸ் எதையோ கேட்க வாயெடுத்து விட்டுவிட்டார். ஃபைஜாதான் "எங்க, காட்டும்மா" என்று போனைப் பிடுங்கினாள். பெண்கள் சீட்டின் மேல் முட்டி போட்டு ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து பார்த்தார்கள். கயல்மதியும் எழுந்து எக்கிப் பார்த்தாள். போனிலிருந்து டங் என்று கேட்டது. எல்லோரும் கத்தினார்கள். கயல்மதி வாய்விட்டுச் சிரித்தாள். "இன்னொரு வாட்டி போடுடி" என்றாள். தணிகைவேல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மறுபடியும் அந்தச் சத்தம் வருவதற்காகக் காத்திருந்தார்.